முசிறி வட்டார வீட்டுக் கழிவு மேலாண்மை

முசிறி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் அமைந்த ஊர். திருச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், தென்கரைக் குளித்தலைக்கு நேர் எதிரே உள்ளது. சங்க இலக்கியம் பேசும் சேர நாட்டுத் துறைமுகமான முசிறி வேறு; அது இன்றைய கேரளத்துக் கடற்கரையைச் சேர்ந்தது. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

வீட்டுக் கழிவை அது பிறக்கும் இடத்திலேயே பிரித்து, மக்கிய உரமாக நிலத்துக்குத் திருப்பும் முயற்சிக்காக முசிறி 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு இதழ்களிலும் பேசப்பட்டது. குப்பை மேலாண்மை என்றதும் நினைவுக்கு வரும் தொட்டியும் வண்டியும் இந்தக் கதையில் பின்னால்தான் வருகின்றன. முதலில் வருவது கழிப்பறை.

ஆற்றங்கரை ஊரின் சிக்கல்

காவிரிக் கரையில் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் கோரைக்கும் இது வரம். கழிப்பறைக் குழிக்கு இது சாபம். அரசுத் திட்டங்களில் கட்டப்படும் வழக்கமான உறிஞ்சு குழி, சுற்றியுள்ள மண் நீரை உள்வாங்கும் என்ற நம்பிக்கையில் அமைவது. மண் ஏற்கெனவே நனைந்திருந்தால் குழி நிரம்பி வழியும். அல்லது குழியின் நீர் பக்கத்து அடிகுழாயின் நீரோடு கலக்கும். செப்டிக் டேங்க் கட்ட வசதியுள்ளவர் வீட்டிலும், அதன் வழிநீர் கடைசியில் தெருச் சாக்கடைக்கே போகிறது.

முசிறியிலிருந்து ஆறு கிழக்கே ஓடி முக்கொம்பை அடைகிறது. அங்கே காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிந்து திருவரங்கத் தீவைச் சூழ்கிறது. திருச்சி மாநகருக்கும் திருவரங்கத்துக்கும் குடிநீர் தருபவை இவ்விரு ஆற்றுப் படுகைகளில் அமைந்த நீர்சேகரிப்புக் கிணறுகள். ஆகவே முசிறியில் ஒரு வீட்டுக்காரர் தம் கழிவை என்ன செய்கிறார் என்பது அவர் வீட்டோடு முடிகிற செய்தி இல்லை.

மூன்று வழிக் கழிப்பறை

இதே சிக்கலைக் கேரளத்தின் மீனவர் ஊர்களும் சந்தித்திருந்தன. திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரையில் 1990களின் நடுவில் பிரித்தானியப் பொறியாளர் பால் கால்வர்ட், தரைக்கு மேலே அறை கட்டும் உலர் மக்குக் கழிப்பறைகளை அமைத்தார். அம்முறையை முசிறி வட்டாரத்துக்குக் கொண்டுவந்தது திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம். அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆங்கிலச் சுருக்கமான 'ஈகோசான்' என்ற பெயரிலேயே ஊர்மக்கள் இக்கழிப்பறையை அறிவர்.

இதன் அமைப்பு எளிது. தரைக்கு மேலே, நீர் புகாத தளத்தின் மீது, பக்கம் பக்கமாக இரண்டு அறைகள் கட்டப்படும். அவற்றின் மேல்தான் உட்காரும் மேடை. மேடையில் மூன்று வழிகள் உண்டு. நடுத்துளை வழியே மலம் அறைக்குள் விழும். முன்பக்கக் குழிவில் விழும் சிறுநீர் குழாய் வழியே ஒரு கலத்தில் சேரும். கால் கழுவும் நீருக்குப் பின்பக்கம் தனி வழி. அது கல்வாழை போன்ற செடிகள் நட்ட பாத்திக்குப் போகும். மேலைநாட்டு மாதிரிகளில் இந்த மூன்றாவது வழி கிடையாது. காகிதம் பயன்படுத்துவோருக்கு அது தேவைப்படவும் இல்லை. தண்ணீரால் கழுவும் வழக்கத்தை மாற்றச் சொல்லாமல் மேடையை மாற்றியதால்தான் இம்முறை இங்கே ஏற்கப்பட்டது.

மலம் கழித்தபின் ஒரு கை சாம்பலோ சுண்ணாம்பு கலந்த மண்ணோ தூவ வேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தை அடக்கும், காரத்தன்மையைக் கூட்டிக் கிருமிகளின் பிழைப்பைக் குறைக்கும். ஓர் அறை நிறைந்ததும் அதன் துளையை மூடிவிட்டு அடுத்த அறைக்கு மாற வேண்டும். இரண்டாம் அறை நிறைவதற்குள், பொதுவாக ஏறத்தாழ ஓராண்டில், முதல் அறையில் இருப்பது மண்வாடை வீசும் உரமாகியிருக்கும்.

எல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒருவர் தவறான துளையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அறை சேறாகும், புழு வைக்கும். குழாயோ பொறியோ அதைத் திருத்த முடியாது. பிரித்தல் என்ற வேலை முழுக்க உட்காருபவர் கையில்தான் இருக்கிறது.

சாலியர் தெரு

வீட்டுக்கு வீடு கட்ட இடமில்லாத நெருக்கமான தெருக்களுக்கு இதையே பொதுக் கழிப்பறையாக்கிப் பார்க்கும் முயற்சி முசிறியின் சாலியர் தெருவில் நடந்தது. 2006 வாக்கில் அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசையுடன் சமுதாய மக்குக் கழிப்பறை செயல்படத் தொடங்கியது. இந்தியாவில் இவ்வகையில் முற்பட்டவற்றுள் இது ஒன்று.

வீட்டுக் கழிப்பறையில் தவறு செய்தால் செய்தவர் வீட்டில்தான் நாறும். பொதுக் கழிப்பறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே பயன்படுத்தும் முறையை ஒவ்வொருவருக்கும் சொல்லித்தருவதும், அன்றாடம் கவனிக்க ஒருவரை அமர்த்துவதும், பெண்கள் எந்த நேரம் வருகிறார்கள், எங்கே விளக்கு வேண்டும், குழந்தைகளுக்கு எப்படி அமைப்பது என்பதைத் தெருவாரிடமே கேட்டுத் திருத்துவதும் கட்டடத்தைவிட முக்கியமான வேலைகளாகின்றன.

2008 வாக்கில் வந்த ஏற்பாடுதான் முசிறியைச் செய்தியாக்கியது. வருபவர் காசு கொடுக்கவில்லை; ஒவ்வொரு முறைக்கும் 10 காசு அவருக்குக் கொடுக்கப்பட்டது. வருகை ஓர் அட்டையில் குறிக்கப்பட்டு மாதக் கடைசியில் தொகை கணக்கிடப்பட்டது. நாளுக்கு ஒரு முறை வருபவருக்கு மாதம் 3 ரூபாய். யாரையும் பணக்காரராக்கும் தொகை அல்ல இது. ஆயினும் பேருந்து நிலையக் கழிப்பறையில் ஒன்றோ இரண்டோ ரூபாய் கொடுத்துப் பழகியவருக்கு, தம்மிடமிருந்து வெளியேறுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை அது புரியவைத்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இதை வேடிக்கைச் செய்தியாக எழுதினர். திட்டமிடுவோர் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. கழிவைப் பிரித்துத் தரும் வேலையைச் செய்வது வீட்டார் என்றால், அவ்வேலைக்கு ஒரு கணக்கும் மதிப்பும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தப் 10 காசு ஒப்புக்கொண்டது.

வாழைக்குச் சிறுநீர்

ஒருவர் ஓராண்டில் கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர். உடல் வெளியேற்றும் நைட்ரஜனில் பெரும்பகுதியும், பாஸ்பரசில் ஏறத்தாழ பாதியும் அதில்தான் இருக்கின்றன. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மலத்தில் இருப்பவை. இரண்டையும் கலக்காமல் வைத்தால் சத்து ஒரு பக்கமும் ஆபத்து மறுபக்கமும் பிரிந்துவிடுகின்றன. வழக்கமான கழிப்பறை இரண்டையும் கலந்து, மேலே பல லிட்டர் நல்ல தண்ணீரையும் ஊற்றி, எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது.

வாழை அதிகச் சத்துக் கேட்கும் பயிர். திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அருகிலேயே இருந்தது முசிறிக்கு வாய்ப்பாயிற்று. சேகரித்த சிறுநீரைக் கொண்டு வாழையில் களச்சோதனைகள் நடத்தப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மூடிய கலத்தில் குறிப்பிட்ட காலம் வைத்திருந்தபின் சிறுநீரைப் பயன்படுத்தச் சொல்கின்றன. பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் கட்டுப்பாடு அதிகம். தோலுரித்து உண்ணும், தரையிலிருந்து உயரத்தில் காய்க்கும் வாழைக்கு அந்த அச்சம் குறைவு.

இடர்ப்பாடு சுமையில் இருக்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். சிறுநீரில் அது ஒரு விழுக்காட்டையும் எட்டுவதில்லை. மானிய விலையில் ஒரு மூட்டை யூரியா கிடைக்கும்போது, அதே சத்துக்காக ஆயிரக்கணக்கான லிட்டரை வண்டியில் ஏற்றிச் செல்ல எந்த விவசாயியும் தயங்குவார். தோப்பு பக்கத்தில் இருந்தால் பயன், தொலைவில் இருந்தால் நட்டம். இம்முறை பெருநகரங்களைவிட முசிறி போன்ற வயல் சூழ்ந்த ஊர்களுக்கே பொருந்துவதற்குக் காரணமும் அதுவே.

யார் அள்ளுவது?

தமிழ்நாட்டில் மனிதக் கழிவைப் பற்றிய எந்தத் திட்டமும் சாதியைத் தொடாமல் நகர முடியாது. எடுப்புக் கழிப்பறைகளில் மலம் அள்ள நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் யார் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த வரலாறு. மக்குக் கழிப்பறையின் அறையைத் திறந்து உரத்தை எடுப்பதும் அதே வேலையின் புதிய வடிவமாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மலம் முழுமையாக மக்குமுன் மனிதக் கையால் அகற்ற வேண்டியிருக்கும் கழிப்பறையையே சுகாதாரமற்ற கழிப்பறை என்று வரையறுக்கிறது. இரண்டு அறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஒழுங்கு காக்கப்பட்டால் ஈகோசான் இவ்வரையறைக்குள் வராது. ஒழுங்கு குலைந்து, ஈரமான அறையைச் சீக்கிரமே திறக்க நேர்ந்தால் வந்துவிடும். வீட்டு உரத்தை அந்த வீட்டாரே எடுத்துத் தம் தோட்டத்தில் போடும் வரை சிக்கல் இல்லை. ‘ஆள் வைத்து’ எடுக்கத் தொடங்கும் இடத்தில் பழைய கதை திரும்புகிறது. இந்தப் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்காத எந்த வட்டாரத் திட்டமும் அதை ஒரே ஒரு பிரிவினர் தலையில்தான் இறக்கும்.

குப்பை என்ற சொல்

காவிரி வட்டார விவசாயிகள் பேச்சில் குப்பை என்றால் எரு. வயலுக்குக் குப்பை அடிப்பது என்பது மாட்டுச் சாணமும் வைக்கோலும் சாம்பலும் மக்கிய எருவைக் கொட்டிப் பரப்புவதுதான். வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருந்த காலத்தில் வெளியே எறிய வேண்டியது மிகக் குறைவு. நெகிழிப் பையும் சாஷேயும் சேர்ந்த பிறகு அதே கலவை எருவாகவும் ஆகவில்லை, விற்கவும் முடியவில்லை. ஊர்க் குப்பையைப் பணம் கொடுத்து ஏலம் எடுத்த விவசாயிகள், வயலில் பாலித்தீன் துண்டுகள் மேலெழுந்ததும் வண்டியைத் திருப்பி அனுப்பத் தொடங்கினர்.

நடுவண் அரசு 2016 ஏப்ரலில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மக்குவது, மக்காதது, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மூன்று துளைக் கழிப்பறையின் தத்துவமே இங்கும். சோற்றோடு சேர்ந்த ஒரு பழைய பேட்டரி, பால் கவருக்குள் முடிந்து கட்டிய காய்கறித் தோல், இரண்டும் போதும் ஒரு வண்டிக் குப்பையைக் கெடுக்க. இந்திய நகரங்களின் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது. முசிறி போன்ற ஊரில் வாழை இலை, பூ, தேங்காய் மட்டை, கோரைத் துணுக்கு என அப்பங்கு மிகுதி. முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வரும் இலை மட்டுமே பல தெருக்களின் குப்பைக்குச் சமமாகும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் சேர்ப்போர் அதைத் தம் இடத்திலேயே கையாள வேண்டும் என்றன அவ்விதிகள். மண்டபங்களிடம் இதைக் கேட்கும் துணிவு எத்தனை ஊராட்சிகளுக்கு இருக்கிறது என்பது வேறு செய்தி.

பேரூராட்சிகளில் இதற்கென அமைக்கப்பட்டவை வளம் மீட்புப் பூங்காக்கள். தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரும் மக்கும் குப்பை அங்கே தொட்டிகளில் உரமாகும். மக்காதது அட்டை, புட்டி, பால் கவர் என வகை பிரிந்து பழைய சாமான் கடைக்குப் போகும். வேலூரைச் சேர்ந்த சீனிவாசன் வளர்த்தெடுத்த முறையில் குப்பை நாளுக்கு இரண்டு முறை வாங்கப்படுகிறது. காரணம் எளியது: காலையில் நறுக்கிய காய்த்தோல் அன்றே வந்தால் மாட்டுக்குத் தீவனம், மறுநாள் வந்தால் நாற்றம்.

பிரிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு திருச்சியிலேயே உள்ளது. அரியமங்கலத்தில் ஏறத்தாழ 47 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பை மலையாக வளர்ந்தது. கோடையில் அது தீப்பிடிக்கும்போது சுற்றிலும் உள்ள குடியிருப்புகள் புகையில் மூழ்கின. பின்னாளில் அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கப் பல கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் ஒரு நிமிடத்தில் முடியும் பிரித்தலை, அரை நூற்றாண்டு கழித்து எந்திரம் வைத்துச் செய்வதற்கான செலவு அது. நாட்டின் தூய்மை நகரப் பட்டியலில் 2016இல் மூன்றாம் இடம் பெற்ற மாநகரத்திலும் அந்த மலை அப்போது அங்கேதான் இருந்தது.

ஏன் வட்டாரத் திட்டம்?

மக்கும் குப்பைக்கு ஊர் போதும். இன்னும் சொன்னால் தெருவே போதும். மக்காததற்குப் போதாது. பழைய இரும்பும் அட்டையும் உள்ளூர்க் கடையிலேயே விலைபோகும். பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு நெகிழியை யாரும் வாங்கமாட்டார். அதற்குள்ள ஒரு வழி சிமெண்டு ஆலைச் சூளை. 1,400 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நிலக்கரியோடு எரிப்பது. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து ஆலைகள் முசிறியிலிருந்து எட்டும் தொலைவில்தான் உள்ளன. ஆனால் லாரி நிறைய வேண்டும். சிறிய ஊர் ஒன்றுக்கு அந்த அளவு சேர நாளாகும். முசிறி, தொட்டியம், காட்டுப்புத்தூர், தாத்தையங்கார்பேட்டை ஆகியவை சேர்ந்து அனுப்பினால் வண்டி வாடகை கட்டுப்படியாகும். 2016 விதிகளும் 5 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்குப் பொதுவான நிலநிரப்பிடத்தைத்தான் சொல்லின.

கழிவுநீர் வண்டிகளுக்கும் இது பொருந்தும். செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சியதை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குப் பல ஊர்களில் இரவும் வாய்க்காலும்தான் விடையாக இருந்தன. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் 2017இல் தொடங்கிய கசடு சுத்திகரிப்பு நிலையம் அருகிலுள்ள மதுராந்தகத்துக்கும் சேர்த்து அமைக்கப்பட்டது. ஆளுக்கொன்று கட்டுவதைவிட, வண்டி போய்வரும் தொலைவிலுள்ள ஊர்கள் ஒன்றைப் பகிர்வதே தமிழ்நாட்டு அரசின் அணுகுமுறையாக அதன்பின் வளர்ந்தது.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவானவற்றை இணைத்துத் திட்டமிட அரசியலமைப்பு ஏற்படுத்திய அமைப்பு மாவட்டத் திட்டக் குழு. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். முசிறிக்கு இதில் ஒரு வேடிக்கையான தடை உண்டு. பாலத்தின் மறுமுனையில் உள்ள குளித்தலை இப்போது கரூர் மாவட்டம். ஒரே ஆற்றில் எதிரெதிர்க் கரையில் குப்பை சேர்க்கும் இரண்டு நகராட்சிகளின் திட்டங்கள் இரண்டு வெவ்வேறு குழுக்களின் மேசைக்குப் போகின்றன.

மக்கள் கருத்து எங்கே நுழைகிறது

கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களுக்கு அதற்கிணையான பகுதி சபை, 2022இல் வந்த விதிகளின்படி, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் கூட்டப்படலாயிற்று. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை ஆகிய மூன்றும் இக்கூட்டங்களில் அதிகம் எழும் பேச்சுகள். குப்பையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வண்டி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திட்டத்துக்கு உதவுவது அதற்கு அடுத்த வாக்கியம்: எத்தனை மணிக்கு வந்தால் வீட்டில் ஆள் இருக்கும் என்பது. விடியலில் வயலுக்கும் கோரை அறுக்கவும் போய்விடும் பெண்களின் தெருவில் எட்டு மணிக்கு விசில் ஊதினால் கதவு திறக்காது. அன்றைய குப்பை சாயங்காலம் வாய்க்காலில் கிடக்கும். அலுவலகத்தில் போடும் கால அட்டவணையில் இது தெரிவதில்லை.

கூட்டத்தைவிட நீடித்தது குழுக்களின் பொறுப்பேற்பு. திருச்சி கல்மந்தைக் குடிசைப் பகுதி 2002இல் திறந்தவெளியில் மலம் கழிப்பது இல்லாத முதல் நகர்ப்புறக் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் துணைநின்றது கிராமாலயா தொண்டு நிறுவனம். பொதுக் கழிப்பறையின் சாவியும் கணக்குப் புத்தகமும் அப்பகுதிப் பெண்கள் குழுவிடம் இருந்தன. வசூலான சிறு கட்டணத்தில் பராமரிப்புப் போக மிஞ்சியது அவர்கள் முடிவுப்படி செலவானது. புனே நகரில் குப்பை சேகரிப்போரே உறுப்பினராக உள்ள ஸ்வச் கூட்டுறவு 2008 முதல் வீடு வீடாகக் கட்டணம் வாங்கிச் சேகரிக்கிறது. ஜப்பானின் கமிகட்சு என்னும் சிற்றூரில் குப்பை வண்டியே இல்லை. ஊரார் தாமே மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள்.

இடம் தேர்வு செய்வதில்தான் பேச்சு முறிகிறது. உரக்கூடம் வேண்டும் என்பதில் எந்தத் தெருவுக்கும் மறுப்பில்லை, தன் தெருவில் வேண்டாம் என்பதைத் தவிர. கடைசியில் அது எதிர்க்க ஆளில்லாத இடத்துக்குப் போகிறது. காவிரிக் கரை ஊர்களில் அது பெரும்பாலும் ஆற்றங்கரைப் புறம்போக்கு அல்லது தலித் குடியிருப்பின் ஓரம். முதலாவது வெள்ளத்தில் குப்பையை ஆற்றோடு அனுப்பும். இரண்டாவதில் வாழ்பவர்களிடம் அடிக்கல் நாட்டும் நாளுக்கு முன் யாரும் கருத்துக் கேட்பதில்லை.